கால் வைத்த வீடு

இந்த நாற்காலி ஆடுகிறது, ஐயா. நாலு கால் இருந்தால் மட்டும் போதாது, நாலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு காகிதத்தை மடித்துக் கொடுத்தால் அடியில் வைத்துக்கொள்கிறேன். ஏட்டையா எழுதுகிற வேகத்துக்கு மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் சவரிநாதன். ராயபுரம். கட்டட மேஸ்திரி. யுத்தத்தின்போது எண்ணூரில் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை போட்டார்கள். அங்கேதான் கான்கிரீட் தூண் வேலை கற்றேன். களிமண் நிலத்தில் சுற்றிலும் கடைக்கால் தோண்டிச் சுவர் எழுப்ப மாட்டார்கள். ஆழமாகக் குழி எடுப்பார்கள், கம்பி நிறுத்துவார்கள், கான்கிரீட் போட்டுத் தரைக்கு மேல் நாலடி தூக்குவார்கள். அதன் மேல் சட்டம், சட்டத்தின் மேல் பலகை. தண்ணீர் வந்தால் அடியில் ஓடிவிடும். இவ்வளவுதான் விஷயம். குழந்தைக்குக்கூடப் புரியும்.

சடையங்குப்பத்தில் யாருக்கும் புரியவில்லை. அது பள்ளமான ஊர். ஏரி ஒரு பக்கம், கால்வாய் ஒரு பக்கம். நாற்பத்தொன்பதில் அங்கே கமால் பாய்க்கு ஒரு வீடு கட்டினேன். ஆட்டுத்தோல் வாங்கி மண்டிக்குப் போடுகிறவர். தோல் நனையக் கூடாது என்பதால் நான் சொன்னதைக் கேட்டார். பன்னிரண்டு தூண். முன்பக்கம் அவரும் மனைவி ஜெரினாவும் இருப்பார்கள், பின்பக்கம் தோல். பன்னிரண்டும் ஒரே மட்டம். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும்.

பக்கத்து மனை எத்திராஜுடையது. எருமை வைத்திருக்கிறான். நல்ல மனிதன். தினமும் வந்து நின்று பார்ப்பான்.

"இன்னா மேஸ்திரி, வூட்டுக்குக் காலு வெக்கிறே? எங்கனா நடந்து பூடப் போவுது."

ஊரே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் கால் மேஸ்திரி. நானும்கூடச் சிரித்தேன். எத்திராஜின் மனைவி நாகரத்தினம் மட்டும் சிரிக்க மாட்டாள். வேலை நடந்த இரண்டு மாதமும் மதியம் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவாள். அவர்களுக்கு அமுலு என்று ஒரு பெண், அப்போது கைக்குழந்தை.

மூன்று மழைக்காலம் போயிற்று. தண்ணீர் வரவில்லை. தூணில் சாணுக்கு ஒன்றாக ஐந்து தார்க்கோடு போட்டுவைத்திருந்தேன், வெள்ளம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க. முதல் கோடுகூட நனையவில்லை. எனக்கு அந்த ஊரில் வேறு வேலையும் வரவில்லை.

போன ஆவணியில் எத்திராஜ் என்னைத் தேடி ராயபுரத்துக்கே வந்தான். செங்கல் வீடு கட்டப் போகிறானாம், நான்தான் கட்ட வேண்டுமாம். தூண் போடலாம் என்றேன்.

"அது வோணாம் மேஸ்திரி. மூணு மழ பாத்தாச்சி. தண்ணி எங்க வந்துச்சி? உன் காலுக்கு அடியில ஜெரினாக்கா கோழிதான் முட்டை வுட்டுகினு கீது."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. மரியாதையாகவே மறுத்தேன். வேறொரு ஆளை வைத்து ஒன்றரை அடி கடைக்கால் தோண்டி மண் சாந்தில் சுவர் வைத்தான். ஐப்பசியில் குடிபோனார்கள். எனக்கும் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்த வீடு நிற்காது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த ஒரே ஆள் நான் என்பதுதான் கஷ்டம். நீங்கள் படித்தவர்கள், ஒருவனுக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தால் அவன் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. ஏரி கரை தொட நின்றது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, காவலாள் சாப்பிடப் போனபோது, கரையை வெட்டினேன். பகலில் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் ராத்திரியில்தான் செய்வான். தண்ணீரில் தூண் நிற்பதை எல்லோரும் பார்க்க வேண்டும் எனக்கு. ஒரு முழ அகலம்தான் வெட்டினேன். மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது. என் பங்கு ஒரு முழம்.

அங்கிருந்து கமால் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மண்டிக்குப் போயிருந்தார். படியருகே மம்பட்டியைக் கழுவினேன். ஜெரினா பார்த்தாள்.

"இன்னாண்ணே, இந்த மழயில மம்பட்டியத் தூக்கிகினு?"

"ரோட்டோரம் வாய்க்கா எடுத்தேம்மா."

டீ கொடுத்தாள். படியில் உட்கார்ந்து குடித்தேன். அவள் உங்களிடம் சொன்னது முழுக்க உண்மை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒரு மணிக்குத் தண்ணீர் தெருவுக்கு வந்தது. ஜனங்கள் ஓடினார்கள். ஏறி வாருங்கள் என்று நானே கூப்பிட்டேன். பதினோரு பேர் ஏறினார்கள். ஏறிய பிறகு ஒருவருக்கும் கால் நனையவில்லை. சிரித்தவர்களில் நாலு பேர் அதில் இருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை.

எத்திராஜ் எருமைகளை மேட்டு ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தான். அவன் வீட்டுச் சுவர் ஒரு பக்கம் இறங்கி, நிலை கோணிக்கொண்டு கதவு மாட்டிக்கொண்டது. ஜன்னலில் ஒரு கம்பி இன்னும் பொருத்தவில்லை, குழந்தை நுழைகிற இடைவெளி. நாகரத்தினம் அதன் வழியாக அமுலுவை நீட்டினாள்.

"அண்ணாத்தே, கதவு அசைய மாட்டேங்குது. கொயந்தயாவது வாங்கிக்கோ."

முப்பதடி தூரம் இருக்கும். இடுப்பளவு தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் அப்போது தண்ணீர் நாலாவது கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடிமண்ணைத் தண்ணீர் அரித்து இழுப்பது அந்த நேரத்தில்தான். தூண் போவதென்றால் அப்போதுதான் போகும். மூன்று வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தேன். படியில் குப்புறப் படுத்து, நடுத்தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அதிர்கிறதா என்று பார்த்தேன்.

அவள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள் என்று ஜெரினா சொல்லியிருக்கிறாள். நான் ஒரு தடவைதான் கேட்டேன். ஜெரினாவுக்கு நீச்சல் தெரியாது. இருந்தும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கப் போனாள். அவள் கையைப் பிடித்து இழுத்து மேலே உட்கார வைத்தது நான்தான். என் வீட்டில் ஏறிய ஒருவருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடி பார்த்தபோது அந்தச் சுவர் அங்கே இல்லை. ஜன்னலும் இல்லை.

தூண் அதிரவில்லை. தண்ணீர் ஐந்தாவது கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிட்டது. பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நூலளவுகூட நகரவில்லை. சுற்றியிருந்தவர்களிடமும் காட்டினேன். யாரும் பார்க்கிற நிலையில் இல்லை.

ஊரில் ஆறு பேர் செத்தார்கள். நாகரத்தினத்தை அன்றே எடுத்தார்கள். அமுலு மூன்றாம் நாள் கால்வாயோரம் கிடைத்தாள். நானும் தேடப் போயிருந்தேன். ஆறு பேரும் தரையில் கட்டிய வீட்டுக்காரர்கள். தூணின் மேல் இருந்தவர்களில் ஒருவரும் இல்லை. நான் கரையை வெட்டினேன். அவர்கள் செத்தது அதனால் என்று நீங்கள் எழுதுவீர்கள், எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் எத்திராஜ் வந்தான். அப்போது ஜெரினா உங்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தலை மழித்திருந்தான். சொன்னான்:

"ஒரு வூடு கட்டிக் குடு மேஸ்திரி. காலு வெச்சே கட்டு. நீ அப்பவே சொன்னே, நான்தான் கேக்கல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆவணியில் ராயபுரத்துக்கு வந்தபோதே இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் ஏரிக்கரைப் பக்கமே போயிருக்க மாட்டேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. பாவம், துக்கத்தில் இருக்கிறவன். எல்லாம் தன்னால்தான் ஆயிற்று என்று அவன் மனம் நோகக் கூடாது அல்லவா.