இயந்திரத்தின் பின்பக்கம்

காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் கை கழுவுவேன். முழங்கை வரை. பிறகு தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை. இயந்திரத்தின் பின்கதவைத் திறந்தால் உள்ளே வரிசையாக டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வகை மாத்திரை. எது குறைந்திருக்கிறதோ அதன்மேல் சிவப்பு விளக்கு எரியும். அதை உருவி, நிரப்பி, மூடி, மறுபடி செருகுவேன். முடிந்ததும் ஒரு டீ. அந்த வேலையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நிரப்புபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்பது விதி. இரண்டாமவர் டப்பாவுக்குள் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தால்தான் இயந்திரம் அதை ஏற்கும். அதன்பின் அது மாத்திரையைப் பார்க்காது. டப்பாவில் ஒட்டியிருக்கும் கோடுகளை மட்டும் படிக்கும். எங்களுக்கு இரண்டாமவர் சித்தப்பா. அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை; மருத்துவமனை முழுக்க அப்படித்தான் கூப்பிடும். அவர் டப்பாவுக்குள் பார்த்து நான் கண்டதில்லை. பேப்பர் படித்துக்கொண்டே கையை நீட்டுவார். நான் ரேகைக் கருவியை அவர் விரலுக்குக் கொண்டுபோவேன்.

“உன் கையில தப்பு வந்தா நான் மீசையை எடுத்துடறேன்ப்பா,” என்பார். அவருக்கு மீசை கிடையாது.

நான் மருந்தாளுநர். இயந்திரம் வருவதற்கு முன் அதே இடத்தில் கவுன்டரில் இருந்தேன். என் மனைவியை அங்கேதான் பார்த்தேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாதாமாதம் மாத்திரை வாங்க வருவாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று ஒவ்வொரு மாதமும் சொல்வேன். அவளுக்குத் தெரியாததா. இருந்தாலும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையை ஆட்டுவாள். ஒருநாள், “இவ்வளவு அக்கறையா சொல்றீங்களே, மறந்துட்டா வீட்டுக்கு வந்து ஞாபகப்படுத்துவீங்களா?” என்றாள். எங்கள் கல்யாணம் அந்தப் பேச்சில் தொடங்கியது.

பிறகு கவுன்டரை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்தார்கள். முன்பக்கம் ஹாலில், பின்பக்கம் எங்கள் அறையில். நோயாளி சீட்டைக் காட்டினால் திரையில் ஒருவர் வருவார். அவரும் மருந்தாளுநர்தான், வேறு எங்கோ ஒரு கட்டிடத்தில் உட்கார்ந்திருப்பவர். மாத்திரை வந்து விழும் தட்டு அவருடைய திரையில் தெரியும். பார்த்துச் சரி சொன்னால் பொட்டலம் கீழே விழும். நல்ல முகம், நிதானமான பேச்சு. வயதான பெண்கள் அவரை டிவி தம்பி என்றார்கள். என் மனைவியும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டாள். மாத்திரையை நானே கொண்டுவருகிறேன் என்றால், நோயாளி நேரில் வந்தால்தான் தருவோம் என்றார்கள்.

“டிவி தம்பி இன்னிக்கு ஒரு யோசனை சொன்னாரு,” என்றாள் ஒருநாள். “மாத்திரையைப் பல் தேய்க்கிற பிரஷ் பக்கத்துல வெச்சா மறக்கவே மறக்காதாம்.”

“நானும் அதைத்தான் சொன்னேன்.”

“நீங்க எப்ப சொன்னீங்க?”

“கவுன்டர்ல இருந்தப்ப.”

“அப்படியா,” என்றாள். மாத்திரையை எடுத்துப்போய் பிரஷ் பக்கத்தில் வைத்தாள்.

இயந்திரத்தின் பின்னால் நின்றால் முன்னால் பேசுபவரின் குரல் கேட்கும். திரையில் இருப்பவரின் குரல் ஹாலின் பக்கம் போய்விடும். அவள் வரும் நாளில் நான் அங்கே வேலையை இழுத்துக்கொண்டு நிற்பேன். பேச்சில் அவள் பாதி மட்டும் கிடைக்கும். சிரிப்பாள். எதற்கு என்று தெரியாது. ஒருமுறை, “ஐயோ, வீட்டுல இன்னும் சொல்லலைங்க,” என்றாள். கொஞ்சம் கழித்து, “அவருக்குத் தெரிய வேணாம், இப்போதைக்கு.” நடுவில் ஒரு தகரம். இந்தப் பக்கம் நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கையில் விழுந்த பொட்டலத்தில் இருந்தது நான் நிரப்பிய மாத்திரை.

அன்று சாயங்காலம் கேட்டேன். “டிவி தம்பிகிட்ட என்ன அவ்வளவு பேச்சு?”

“பொறாமையா?” என்று சிரித்தாள். “அந்த மனுஷன் கழுத்துக்குக் கீழ இருக்காரான்னே எனக்குத் தெரியாதுங்க.”

நானும் சிரித்தேன்.

அவள் மாத்திரையைச் செய்யும் கம்பெனி அதையே குறைந்த வீரியத்திலும் செய்கிறது. நிறம் ஒன்று, அளவு ஒன்று. மேலே பொறித்த எண் மட்டும் வேறு. ஒரு காலையில் அவளுடைய மாத்திரைக்கான டப்பாவை அதால் நிரப்பினேன். சித்தப்பா பேப்பரின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். கையை நீட்டினார்.

என் கணக்கு எளிமையானது. தப்பான மருந்து வெளியே வந்தால் தட்டைப் பார்த்துச் சரி சொன்னவர் போய்விடுவார். இயந்திரம் போய்விடும். கவுன்டர் திரும்பி வரும். அவளுக்கு ஒரு வலிப்பு வரலாம். வந்தால் நான் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்வேன். முன்பு ஒருமுறை அப்படிப் பிடித்திருக்கிறேன். தெளிந்ததும் என் சட்டையை விடாமல் பற்றிக்கொண்டு படுத்திருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த டப்பாவிலிருந்து மற்றவர்களுக்கும் போனது. ஒரு பள்ளிக்கூடப் பெண் வகுப்பில் விழுந்து முன்பல் உடைந்தது. பல்லைக் கட்டிக்கொள்ளலாம். ஒரு தையல்காரர் இஸ்திரிப் பெட்டியின் மேல் விழுந்தார். அவரை எனக்குத் தெரியாது.

என் மனைவி குளியலறையில் விழுந்தாள். தண்ணீர் வாசல்வரை வழிவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஆள் கூப்பிட்டுக் கதவை உடைத்திருக்கிறார். நான் அப்போது வேலையில் இருந்தேன்.

விசாரணையில் டப்பா மாறிவிட்டது என்றேன். மனைவியைப் பறிகொடுத்தவனை யாரும் குடைந்து கேட்கவில்லை. நிரப்புகிறவன் தவறலாம், பார்க்கிறவர் தவறக்கூடாது. அதற்குத்தானே இரண்டாவது ஆள் என்றார்கள். சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன்.

திரைப் பேச்சுகளெல்லாம் பதிவாகுமாம். அவளுடையதைப் போட்டுக் காட்டினார்கள். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை, இந்த மாத்திரையோடு முடியுமா என்று கேட்டிருக்கிறாள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். “டாக்டர் சரின்னு சொன்னதும் வீட்டுல சொல்றேன். பாவம், ஆசையைக் கிளப்பிவிட்டுட்டு இல்லேன்னு ஆயிட்டா தாங்க மாட்டாரு.” அதுதான் ரகசியம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இதை ஏன் அவரிடம் கேட்டாள்? நானும் அதே படிப்புப் படித்தவன்தானே.

அவரும் அங்கே வந்திருந்தார். கழுத்துக்குக் கீழேயும் இருந்தார். நான் நினைத்ததைவிடக் குட்டை. “அந்த நம்பரை நான் பார்த்திருக்கணும். அவங்ககூடப் பேசிக்கிட்டே விட்டுட்டேன். என்னாலதான் போயிட்டாங்க,” என்று சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். என் மாமியார் எழுந்துபோய் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். திரும்பி வரும்போது என்னிடம், “நீங்க ஒரு சொட்டுக்கூட அழலையே மாப்பிள்ளை,” என்றார்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். கவுன்டர் திரும்பி வந்தது. நான் அதில் உட்கார்ந்தேன். நினைத்தது எல்லாம் நடந்தது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பற்றியே பேசினார்கள். பாவம், சாப்பிடுவதில்லையாம், தினமும் அவள் அம்மாவைப் போய்ப் பார்க்கிறாராம். என்னாலதான், என்னாலதான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் பேச்சு அவருக்குப் போனது. சிரிப்பு போனது. குழந்தை ஆசையும் அவர் காதில்தான் முதலில் விழுந்தது. சாவையும் அவருக்கு விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான். அவர் பெயர் இதில் எங்கேயும் வரக்கூடாது. அதைச் சொல்லத்தான் நானாக இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவள் ஒன்றும் அறியாமல் விழுங்கினாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை.

கடைசி நாள் காலையில் அவள் கை நடுங்கியது. இரண்டு மூன்று நாளாகவே அப்படித்தான். மாத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல நம்பர் வேற மாதிரி இருக்கே. டிவி தம்பிக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுக்கவா?”

கேள் என்று சொல்லியிருந்தால் போதும். நான் கணக்குப் போட்டதெல்லாம் அந்த ஒரு போனில் நடந்திருக்கும். தப்பு வெளியே வந்திருக்கும். அவர் போயிருப்பார். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

“கம்பெனிக்காரன் மாத்தியிருப்பான்,” என்றேன். “வீட்டுலயே ஒருத்தன் இருக்கேன். என்னைக் கேட்டா ஆகாதா?” முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“போட்டுட்டேன், போதுமா? இப்பவாவது சிரிங்க.”