பாட்டுக்காரர் மாடம்

ஓக் மரத்துக்குத் தேன்மெழுகுதான் போட வேண்டும், இன்ஸ்பெக்டர். கடையில் டப்பாவில் விற்பதைப் போட்டால் மரம் பாழாகிவிடும். இந்த மேஜையைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது.

சஃபோக் மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பழைய மண்டபத்தை வெகுகாலமாக நான்தான் பராமரிக்கிறேன். அறுநூறு வருடத்துக் கட்டடம். பெற்ற மகனைக்கூட நான் அப்படித் துடைத்து வைத்ததில்லை. அதைத்தான் நிர்வாகக் குழு வாடகைக்கு விட்டது. சினிமாக்காரர்கள் விளக்கு தொங்கவிட உத்தரத்தில் ஆணி அடித்தார்கள். கல்யாணக்காரர்கள் தரையெங்கும் ஒயினைக் கொட்டினார்கள். குழுத் தலைவர் ஹம்ஃப்ரியிடம் முறையிட்டேன்.

"மண்டபம்னா நாலு பேரு புழங்கத்தான், வின்னி. யாராச்சும் செத்தாத்தான் இதை நிறுத்துவாங்க, போ" என்று சிரித்தார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மேலே அந்தக் காலத்தில் பாட்டுக்காரர்கள் நின்று பாடிய மரமாடம் ஒன்று இருக்கிறது. அதைத் தாங்கும் உத்தரத்தை வண்டு அரித்திருந்தது. பின்னல் ஊசியால் குத்திப் பார்த்தேன், முழுக்க இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரும்பால் முட்டுக்கொடுத்து அசிங்கப்படுத்துவார்கள். படிக்கட்டுக்குக் குறுக்கே சங்கிலி மட்டும் போட்டேன்.

சனிக்கிழமைக் கல்யாணத்தன்று அதைக் கழற்றினேன். மணப்பெண் இமோஜென் நல்ல பெண். காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தவள் அவள் ஒருத்திதான். இந்த மண்டபத்து மணப்பெண்கள் தோழிகளோடு மாடத்தில் நின்றுதான் பூச்செண்டை வீசுவார்கள், பழைய வழக்கம் என்று அவளிடம் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பழைய வழக்கம் என்றால் போதும், எங்கள் ஆட்கள் எதையும் செய்வார்கள். அவள் மட்டும் கேட்டாள்.

"தாங்குமா, மிஸஸ் தாக்ஸ்டர்? நாங்க ஆறு பேரு. கேக் வேற நல்லாத் தின்னிருக்கோம்."

"அறுநூறு வருஷமா நிக்குது, கண்ணு. உங்க எடை அதுக்கு ஒரு எடையா?"

மூன்று பேர் இறந்துவிட்டார்கள் என்கிறீர்கள். அவளும்தான். வருத்தமாகத்தான் இருக்கிறது. உத்தரம் பிளந்து கிடந்ததைப் பார்த்து அழுதே விட்டேன். ஆனால் மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள், இனி யாரும் ஆணி அடிக்கப் போவதில்லை.

நான் யாரையும் தள்ளவில்லை. விழுவதும் நிற்பதும் மரத்தின் இஷ்டம் என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான். படியேறும்போது இமோஜென் என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்களும் வாங்க, சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்." முழங்கால் வலி என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன்.

எனக்கு முழங்காலில் ஒரு வலியும் கிடையாது.