புத்தகத்தில் இல்லாத படம்

— ஏம்மா, குட்டியோட படப் புத்தகத்துல தண்ணி இருக்கு, பிஸ்கட் இருக்கு, பக்கத்து வீட்டு நாய்கூட இருக்கு. என் படம் எங்க?

— வந்ததும் வராததுமா அதைத்தான் பார்க்கணுமா? முதல்ல கை கால் கழுவுங்க.

— கழுவியாச்சு. என் படம் எங்க?

— ஒட்டு விட்டிருக்கும். இங்கதான் எங்கயாவது...

— நாய்க்கு மட்டும் ஒட்டு விடலையாக்கும்.

— அது தினமும் வாசலுக்கு வருதே.

— ம்... குத்து, நல்லா குத்து.

— சும்மா சொன்னேங்க. மெதுவா பேசுங்க, இப்பதான் கண்ணசந்தா.

— முழிச்சா மட்டும்? எங்கிட்ட என்ன பேசிடப் போறா...

— பேசுவா. அந்தப் புத்தகம்தான் அவளுக்கு வாய். வேணுங்கிற படத்தைப் பிச்சு எடுத்து நம்ம கையில வைப்பா. நேத்து நாயை வச்சா, கதவைத் திறந்து விட்டேன்.

— படம் சரி. போன்ல ஒரு தடவையாவது அப்பான்னு...

— வாயில வரலைங்க. வந்தா சொல்லமாட்டாளா?

— புத்திக்குத் தெரியுது. மனசு கேக்க மாட்டேங்குதே.

— அதான் போன முறை வரலையா?

— மேஸ்திரி லீவு தரலைன்னு சொன்னேனே.

— மேஸ்திரி எனக்குப் போன் பண்ணாரு. வீடு வந்து சேர்ந்தாரான்னு கேட்டாரு.

— அவருகிட்ட நீ என்ன சொன்னே?

— சேர்ந்துட்டார்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைச் சொல்ல?

— நம்மூரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன்மா. பொம்மைகூட வாங்கிட்டேன். அங்க ஒருத்தன் இறங்குறான், அவன் புள்ளை அப்பா அப்பான்னு ஓடிவந்து காலைக் கட்டிக்குது. எம்புள்ளை கூப்பிடவே மாட்டாளேன்னு தோணிச்சு... திரும்பிப் போயி வேலை இடத்து ஷெட்டுலயே படுத்துக்கிட்டேன். ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா, விழுந்தடிச்சு வந்திருப்பேன்.

— கூப்பிட்டாளே...

— யாரு, குட்டியா? எப்போ?

— தினமும் காலையில எழுந்ததும் உங்க படத்தைப் பிச்சு எடுத்து என் கையில வைப்பா. வச்சிட்டு வாசலையே பார்த்து நிப்பா. நானும் திரும்ப ஒட்டிவைப்பேன், அவளும் திரும்பக் கொண்டாருவா. கேட்டது கிடைச்சாதான் புள்ளை மறுபடியும் கேக்கும், கொடுக்க முடியாததைப் புத்தகத்துல வைக்காதீங்கன்னு பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னாங்க. நான்தாங்க எடுத்துட்டேன். கொஞ்ச நாள் அந்தக் காலி இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தா... இப்போ அந்தப் பக்கத்தையே திருப்புறதில்ல.