கம்ப்யூட்டர் காட்டிய முகத்துக்கு நான் ஆமாம் சொன்னது

என் பெயர் செல்லமுத்து. தகப்பனார் பெயர் காத்தமுத்து. ரேஷன் கார்டில் வயது எழுபத்தைந்து என்று இருக்கிறது, ஆனால் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் கைக்குழந்தை என்று என் ஆத்தா சொல்லும். கந்தர்வக்கோட்டை வட்டம் ஆவாரங்குடிப்பட்டியில் மகள் செல்வராணி வீட்டில் இருக்கிறேன். முந்திரிக்காட்டுக்குக் காவல் போகிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. இதை நானாக வந்து சொல்கிறேன். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் எனக்கே எதிராகத் திரும்பலாம் என்றும் நீதிபதி அம்மா எடுத்துச் சொன்னார்கள். அறையில் போலீஸ்காரர் யாரும் இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் மத்தியானம் நான் முந்திரிக்காட்டு ஓரத்தில் நின்றிருந்தபோது, பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா பொன்னுத்தாய் ரோட்டில் நடந்து வந்தது. பின்னாலே மோட்டார் சைக்கிளில் வந்தவன் அதன் கழுத்துச் சங்கிலியை இழுத்து அறுக்க, அது குப்புற விழுந்து கையை முறித்துக்கொண்டது. அதன் பிறகு அந்த வண்டி என் பக்கமாகத்தான் வந்தது. முகத்தில் கட்டியிருந்த துண்டு கழுத்துக்கு இறங்கிக் கிடந்தது. வந்தவன் என் மகள் செல்வராணியின் மகன் சந்தோஷ். என்னைப் பார்த்ததும் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். நான் ஓடிப்போய்ப் பொன்னுத்தாயைத் தூக்கி உட்கார வைத்தேன். யாருன்னு பாத்தீங்களா என்று அது கேட்டது. புழுதியில் தெரியலை தாயி என்று சொன்னேன்.

அதன் பிறகு ஒரு வாரத்தில் என் அண்ணன் பேரன் நிலவழகனைப் போலீசார் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். ஒயரிங் வேலை பார்க்கிற பையன். அன்றைக்கு அந்த வண்டி நின்ற பெட்ரோல் பங்க் கேமராவில் விழுந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டதில் அவன் படம் வந்து நின்றது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவன் படம் கம்ப்யூட்டருக்குப் போனதற்கும் நானே காரணம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கு வருகிற வாய்க்காலை அடைத்துவிட்டார்கள் என்று நாங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தோம். நிலவழகன் வேலை இருக்கு தாத்தா என்று தயங்கினான். நான்தான் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். போலீசார் எங்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, எலுமிச்சம் சோறு போட்டு, சுவரோரம் ஒவ்வொருத்தராக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. படத்தையும் அழித்திருப்பார்கள் என்று நினைத்தோம். சந்தோஷை அன்றைக்கு நான் வரவிடவில்லை. சிங்கப்பூர் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிற பயல், எதிலும் மாட்டக் கூடாது என்று வீட்டிலேயே இருக்கச் சொன்னேன்.

அதன் பிறகு நிலவழகனின் ஜாமீன் மனு வந்தபோது, கம்ப்யூட்டர் சொன்னதை மட்டும் வைத்து ஆளை உள்ளே வைக்க முடியாது, வேறு என்ன சாட்சி என்று கோர்ட்டில் கேட்டுவிட்டார்களாம். மறுநாள் ஏட்டு வசந்தகுமார், நான் அன்றைக்கு அங்கே நின்றதைப் பொன்னுத்தாயிடம் கேட்டுக்கொண்டு, முந்திரிக்காட்டுக்கே வந்து டீ வாங்கிக் கொடுத்து, செல்போனில் இரண்டு படம் காட்டினார். ஒன்று பங்க் கேமராவில் விழுந்தது. இன்னொன்று மண்டபத்தில் எடுத்த நிலவழகன் படம். நூற்றுக்கு எண்பது ஒத்துப்போகிறது என்றார். பாக்கி இருபது யாருங்க என்று கேட்டேன். அவர் சிரித்து, "அந்த இருபதுக்குத்தான் தாத்தா ஒங்ககிட்ட வந்திருக்கேன்" என்றார்.

பங்க் படத்தில் இருந்தது சந்தோஷ் என்று பார்த்த உடனே எனக்குத் தெரியும். என் தகப்பனார் ஜாடை இரண்டு பயல்களுக்கும் உண்டு. ஜாடைதாங்க ஒண்ணு, ஆள் வேற என்று சொல்ல வாய் வந்தது. ஏட்டு, அன்னைக்கு வண்டியில் வந்தது ஒங்க அண்ணன் பேரன்தானே என்றார். ஆமாம் என்றேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவர் எழுதிப் படித்துக் காட்டினார், நான் டீயைக் குடித்து முடித்தேன். சொந்தத் தாத்தாவே சொன்ன பிறகு என்ன சந்தேகம் என்று ஜாமீன் கிடைக்காமல் போய்விட்டது.

ஏட்டு வந்துபோன அன்று சாயங்காலம் நான் சந்தோஷிடம் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "கம்ப்யூட்டரே அவன்னு சொல்லிருச்சு, ஒனக்கென்ன தாத்தா நோவுது" என்றான். அதன் பிறகு எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தான். நான் போட்டுக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நிலவழகனின் தாயார் அழகி என்னைத் தேடி வந்தது. ஏசும் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அது ஏசவில்லை. "நீங்க பாத்தா தப்பாது மாமா, எந்த வருசம் எவன் என்ன பேசுனான்னு சொல்ற ஆளு நீங்க. நான் பெத்தது தப்பாப் போச்சு. செயில்ல போயி ஒத்துக்கடான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அழுதுகிட்டே சரிம்மாங்கிறான்" என்றது. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, அவனை வெறுத்துராதீங்க மாமா என்றது. கம்ப்யூட்டர் சொன்னபோது அழகி நம்பவில்லை. நான் சொன்னதால்தான் பெற்ற பிள்ளையைத் திருடன் என்று நம்பியிருக்கிறது.

கோர்ட்டுக்குப் போகிறேன் என்று நேற்று செல்வராணியிடம் சொன்னேன். "அண்ணன் வீடுதான் பெருசாப் போச்சுல்ல ஒங்களுக்கு? அங்கிட்டே போயி சோறு தின்னுக்கங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டது. மகள் மேல் குறை ஒன்றும் இல்லை. சந்தோஷ் இப்போது கட்டுமாவடியில் மீன் வண்டிக்கு ஐஸ் ஏற்றுகிற வேலையில் இருக்கிறான். பொய் சொன்னதற்கு என் மேல் கேஸ் வரும் என்று தெரியும். வரட்டும். நிலவழகன் அந்தச் சங்கிலியைத் தொட்டதில்லை. அவன் ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தால் அது நான் சொன்ன பொய்யால் வந்தது.

இதில் கண்டதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததும் வாயால் சொன்னதுமே, யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் ஓர் இடத்தில் "வந்தவர் தன் பேரன் சந்தோஷ் எனக் கருதியதாக" என்று இருந்தது. நான் கருதவில்லை, பார்த்தேன் என்று சொன்னேன். அதை அடித்து, வந்தவன் சந்தோஷ் என்று திருத்தி எழுதினார்கள். கடைசியிலும், திருத்திய அந்த இடத்திலும் என் இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறேன்.

(இ.கை.பெ.ரேகை) செல்லமுத்து