வெர்னா தொட்டி

"இந்த மேட்டத் தாண்டினா தொட்டிதான், கொஞ்சம் சும்மா இரு—"

"தாண்டித் தாண்டி எத்தன மேடு க்ளைவ், தொட்டி பின்னாடி போயிடுச்சு, நான் அந்த மரங்களப் பாத்தேன்—"

"நீ பாத்தது வேற மரம்—"

"மூணும் ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு நின்னுச்சே, போன வருஷம் அதுலதான துண்டு காயப் போட்டேன்—"

"மைக்க விடு வெர்னா, நான் கோரல்கிட்ட பேசணும்—"

ரேடியோவில் இரண்டு பேர் ஒரே மைக்குக்கு அடித்துக்கொண்டால் இப்படித்தான் கேட்கும், சார்ஜென்ட். எங்கள் வீட்டில் ரேடியோ சமையலறையில், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் பாலைவனத்துக்குள் போனவர்கள் கூப்பிடுவார்கள். நான் கேட்டு வைப்பேன். அன்றைக்கு ஸ்கோன் ரொட்டிக்கு மாவு சேர்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கோன் மாவைப் பாதியில் விடக் கூடாது, அதிகம் பிசையவும் கூடாது, கல்லாகிவிடும். அதனால் உடனே பதில் சொல்லவில்லை. மாவை வெட்டி அடுப்பில் வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில், நீங்கள் எழுதி வைத்திருப்பதில் ஒரு திருத்தம். 'வயதான பெண்மணி, எண்களை மாற்றிப் போட மறந்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அது சரியில்லை.

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மணல்மேட்டுக்கு மேல் மணல்மேடாக வண்டி ஓட்டுகிற கிறுக்கர்கள். கடையில் வாங்குகிற ஜி.பி.எஸ். கருவியில் பெட்ரோல் பங்கும் விடுதியும் இருக்கும். நமக்கு வேண்டியது எதுவும் இருக்காது. எந்த ஆழ்துளைக் கிணறு இன்னும் ஊறுகிறது, எந்த வேலிக்கதவு பூட்டியிருக்கும், எந்த மேட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, இதெல்லாம் போனவர்கள் குறித்துக்கொண்டு வந்த புள்ளிகள். அவற்றைச் சேர்த்து ஒரே கோப்பாக வைத்திருப்பது நான். குளிர்காலம் தொடங்குமுன் எல்லோரும் தங்கள் கைக்கருவியைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள். ஒவ்வொன்றாகக் கணினியில் செருகிப் புள்ளிகளை ஏற்றிக் கொடுப்பேன். அப்புறம் பாலைவனத்தில் அந்த இடத்தை நெருங்கும்போது கருவி குருவி மாதிரி கத்தும். உயிர் வரும் அந்தச் சத்தத்தில். கடைசிக் கேனில் அடித்தண்ணீர் ஆடும்போது கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும்.

புதுப் புள்ளிக்குப் பேர் வைப்பதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடித்தவர் தன் பேரை வைக்கக் கூடாது. பக்கத்து இருக்கையில் யார் இருந்தார்களோ அவர் பேர்தான். என் புருஷன் க்ளைவ் குறித்த புள்ளிகள் எல்லாம் என் பேரில், கோரல்தான். கோரல் கிணறு, கோரல் களிமண் தரை, கோரல் தொட்டி. மற்ற கணவன்மார்கள் கேலி செய்வார்கள். "என்னப்பா க்ளைவ், பாலைவனத்த பொண்டாட்டி பேருக்கு எழுதி வச்சிட்டியா?" அவன் சிரிப்பான். "கிழவி வேற எதையும் ஏத்துக்க மாட்டேங்கறா." எனக்கு முப்பது வயதுகூட ஆகாதபோதிலிருந்து அவன் என்னைக் கிழவி என்றுதான் கூப்பிட்டான். எனக்கு அது பிடிக்கும்.

பிறகு என் இடுப்பெலும்பு போனது. மாற்றி வைத்தார்கள். மேட்டில் வண்டி எகிறி விழுகிற இடத்தில் நான் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து இருக்கை காலியானது. வெர்னா வந்து உட்கார்ந்தாள்.

வெர்னாவைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. புருஷன் போனபின் சங்கத்தில் சேர்ந்தவள். நன்றாகச் சிரிப்பாள். எல்லோரையும் கண்ணு என்பாள், கசாப்புக் கடைக்காரனையும் நாயையும்கூட. முதல் பயணம் போய் வந்த வாரம் க்ளைவ் என்னிடம், "டீ போடட்டுமா கண்ணு?" என்றான். போடு என்றேன். வேறென்ன சொல்வது?

அவர்களுக்குள் தப்பாக எதுவும் இருந்ததென்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்திருந்தால் அது ஒரு சாதாரண விஷயம். இந்த ஊரில் பலருக்கு நடந்தது, நடக்கிறது. எனக்கு நடந்தது வேறு. அவன் ஒவ்வொரு பயணமும் முடிந்து வந்து கருவியை என் கையில் கொடுப்பான். அதிலிருந்து புதுப் புள்ளிகளை இறக்கி, கோப்பில் சேர்த்து, சங்கத்து ஆட்கள் அத்தனை பேர் கருவியிலும் நானே ஏற்ற வேண்டும். வெர்னா பள்ளம். வெர்னா மேடு. வெர்னா நிழல். என் விரலாலேயே அடித்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இந்த வருஷம் கோரல் தொட்டியின் தகரம் துருப்பிடித்துப் போச்சென்று சங்கத்திலிருந்து புதுத் தொட்டி வைத்தார்கள். க்ளைவும் வெர்னாவும்தான் போய் மாட்டிவிட்டு வந்தார்கள். வந்தவன் கருவியை மேசையில் வைத்தான்.

"கோரல் தொட்டியோட பேர மாத்திடு."

"எதுக்கு?"

"தொட்டியே புதுசாச்சே. மாட்டும்போது வெர்னாதான கூட இருந்தா. வழக்கம் அதான?"

"இடம் பழசுதான க்ளைவ்?"

"அட, ஒரு பேருக்குப் போய்! பாலைவனம் பூரா உன் பேருதான இருக்கு."

வெர்னா வாசலில் நின்று பூட்ஸிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வேணாம் க்ளைவ், கோரல் பேரே இருக்கட்டும். அவளால இனிமே எங்க வர முடியப் போகுது, பாவம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

நான் மாற்றினேன். வெர்னா தொட்டி.

இந்த இடத்தில்தான் எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருவியின் திரையில் இடம் டிகிரியும் மினிட்டுமாக வரும். கோப்பில் அதைத் தசமமாக மாற்றி அடிக்க வேண்டும். அறுபது மினிட் ஒரு டிகிரி என்பதால் முப்பது மினிட் என்றால் பாதி, புள்ளி ஐந்து. மறதியில் புள்ளி முப்பது என்றே அடித்துவிட்டால் இடம் இருபது கிலோமீட்டர் நகர்ந்துவிடும். புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. செய்தவர் அடுத்த கூட்டத்துக்கு லாமிங்டன் கேக் செய்து எடுத்துவர வேண்டும் என்பது எங்கள் தண்டனை. நான் ஒருநாளும் லாமிங்டன் எடுத்துப் போனதில்லை, சார்ஜென்ட். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நான் மறந்துவிட்டேன் என்கிறீர்கள். மறக்கிறவள் இரண்டு எண்ணையும் அல்லவா மறந்திருப்பாள்? ஓர் இடத்துக்கு வடக்கு-தெற்கு எண் ஒன்று, கிழக்கு-மேற்கு எண் ஒன்று. அவன் கருவியில் வடக்கு-தெற்கு எண் சரியாக இருக்கிறது, பாருங்கள். அந்த மேடுகள் வடக்கு தெற்காகத்தான் ஓடுகின்றன, கூரைத் தகரத்தின் மடிப்பு மாதிரி. வடக்கு-தெற்கு தப்பாக இருந்தால் இரண்டு மேட்டுக்கு நடுவே சமதரையில் ஓட்டிப்போய், இல்லையென்று தெரிந்ததும் சௌகரியமாகத் திரும்பியிருப்பார்கள். கிழக்கு-மேற்கு தப்பானால் ஒவ்வொரு மேடாக ஏறி இறங்க வேண்டும். டீசல் போகும், கிளட்ச் போகும். நான் அந்த எண்ணைத்தான் மாற்றினேன். அதுவும் அவன் கருவியில் மட்டும். சங்கத்துக் கோப்பில் தொட்டி அதன் இடத்திலேயேதான் இருக்கிறது.

நான் யாரையும் எதுவும் செய்யவில்லை. தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். ஒரு ராத்திரி தாகத்தோடு கிடந்தால் வெர்னாவின் சிரிப்பு கொஞ்சம் அடங்கும், வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் வருவார்கள் என்று நினைத்தேன். கிளம்புகிற அன்று வண்டியில் இடம் போதவில்லை. வெர்னாவின் குளியல் கூடாரத்துக்காக ஒரு தண்ணீர் டிரம்மை இறக்கினான் க்ளைவ்.

"வெயில் ஏறிடுச்சு, தண்ணியக் கொறைக்கறியே" என்றேன்.

"தொட்டியில நெரப்பிக்கலாம். புதுத் தொட்டி, தளும்பத் தளும்ப இருக்கு."

டிரம்மின் இன்னொரு பக்கத்தை நான்தான் பிடித்து இறக்கினேன். இடுப்பு வலித்தது. சொல்லவில்லை.

இப்போது அந்தச் சாயங்காலம். கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தேன். அவன் குரல் காய்ந்திருந்தது.

"கோரல், தொட்டியக் காணோம். கருவி இங்கதான்னு கத்துது, இங்க வெறும் மணலு. வெர்னா என்னடான்னா தாண்டி வந்துட்டோம்ங்கறா. புள்ளி சரிதான?"

"நான் என்னைக்காவது தப்பாப் போட்டிருக்கேனா?"

கொஞ்ச நேரம் இரைச்சல். பின்னால் வெர்னா ஏதோ சொன்னாள். அவன், "சும்மா இரு" என்றான். அவளைத்தான்.

"இல்ல கிழவி" என்றான் என்னிடம். "நீ ஒருநாளும் போட்டதில்ல."

வருஷக்கணக்காகக் கேட்காத வார்த்தை. சரியான எண் என் முன்னால் திரையிலேயே இருந்தது. படித்துச் சொல்லியிருந்தால் அப்போதே வண்டியைத் திருப்பியிருப்பான். வண்டி அந்நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெர்னா சொன்னது சரி என்று ஆகியிருக்கும். கிழவிக்கு ஞாபகம் மங்கிவிட்டது, வெர்னாதான் கண்ணைத் திறந்து பார்த்தாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பான். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"காத்துல மேடு நகர்ந்திருக்கும். இன்னும் கொஞ்சம் மேக்கால போய்ப் பாரு, அங்கதான் இருக்கும்" என்றேன்.

"சரி."

ஸ்கோன் நன்றாக வந்திருந்தது.

மறுநாள் காலையில் ரேடியோ கூப்பிட்டது. க்ளைவ் இல்லை. "கோரல், கண்ணு, இருக்கியா? வண்டி மணல்ல பொதைஞ்சு போச்சு. க்ளைவ் தண்ணி தேடி நடந்து போயிட்டான். கண்ணு, கேக்குதா?" எனக்கு அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்போதும் பிடித்ததில்லை. ரேடியோவை அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். துணி காய அருமையான வெயில்.

மத்தியானத்துக்கு மேல் எங்கேயோ ஒரு மாட்டுப்பண்ணையில் ஒரு கிழவர் அவள் குரலைப் பிடித்து உங்களுக்குச் சொன்னார். நீங்கள் என்னிடம் வந்து, எங்கே போயிருப்பார்கள் என்று கேட்டீர்கள். சங்கத்துக் கோப்பிலிருந்து வெர்னா தொட்டியின் இடத்தைக் கொடுத்தேன். அது உண்மையான இடம். உங்கள் ஹெலிகாப்டர் முதலில் அங்கேதான் போனது. அங்கே தொட்டி தளும்பத் தளும்ப இருந்ததாகச் சொன்னீர்கள். ஒரு நாள் அதிலேயே போய்விட்டது. தேடுகிறவர்களுக்கு சாண்ட்விச் செய்து கொடுத்தேன். உங்களுக்கு ஊறுகாய் போடாததைக் கொடுத்தேன், ஞாபகமிருக்கிறதா?

வெர்னா வண்டி நிழலில் உயிரோடு கிடந்தாள். க்ளைவ் இரண்டு மேடு தள்ளி, மேற்கே.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். நீங்களும் முடித்து எழுதிவிட்டீர்கள். ஆனால் நேற்று வெர்னா ஆஸ்பத்திரிக்கு என்னை வரச் சொன்னாள். உதடெல்லாம் தோல் உரிந்து, கையில் குழாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன்மேல எனக்குக் கோவமே இல்ல கண்ணு. வயசாச்சு, கொழப்பிட்ட. யாருக்கும் வரதுதான். நான் போலீஸ்கிட்டயும் அப்படியே சொல்லிட்டேன், பாவம் கோரல், அவளப் படுத்தாதீங்கன்னு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்கூட என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். சங்கத்திலும் இதே பேச்சுதானாம். அடுத்த வருஷத்திலிருந்து புள்ளிகளை வெர்னாவே ஏற்றிக் கொடுக்கட்டும், கோரலுக்கு ஓய்வு கொடுப்போம் என்கிறார்களாம்.

நான் குழப்பவில்லை, சார்ஜென்ட். என் புள்ளி ஒன்றுகூட நான் வைக்க நினைக்காத இடத்தில் இருந்ததில்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாக எழுதுங்கள். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். வெர்னாவின் வாக்குமூலத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் நிறுத்திவிட்டீர்கள். காலையில் அவன் கிளம்பும்போது அவன் சட்டையைப் பிடித்து அவள் இழுத்தாள், வண்டியை விட்டுப் போகாதே என்று கெஞ்சினாள் என்பதுவரைக்கும் படித்தீர்கள். அதற்கு மேல் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மூடினீர்கள்.

"'என்னோட இரு'ன்னு அவ அழுதும், அவன் நான் சொன்ன பக்கம்தான் நடந்தான்னு அவ வாயாலயே ஒத்துக்கிட்டாளா, சார்ஜென்ட்?"