பிளம்பர்ல ஒரு பி

வாட்ச்மேன் அண்ணே, ரிஜிஸ்டர்ல குழாய்க்காரர்னு எழுதாதீங்க. அதை அடிச்சிட்டு பிளம்பர்னு எழுதுங்க. அவரே அப்படித்தான் சொன்னாரா? சொல்லட்டும், நீங்க பிளம்பர்னே எழுதுங்க. நானா? அவரோட பொண்ணு. ஒரே பொண்ணு. யுனிவர்சிட்டில ரெண்டாவது வருஷம். நாலாவது மாடில பாத்ரூம் பைப் மாத்திட்டிருக்கார்ல, அவரைத்தான் பாக்கணும். மேல ஃபோன் போட்டுக் கேளுங்க, நான் நிக்கறேன்.

என்ன சொன்னார்? வேலை முடிய சாயந்தரம் ஆகும், வீட்டுக்குப் போகச் சொல்லுங்கன்னாரா? ம். வீட்லயும் இதே கதைதான். நான் எழுந்திரிக்கறதுக்குள்ள கிளம்பிடறார். நான் சாப்ட்டு முடிச்சப்புறம்தான் வர்றார். இதோட பத்தொம்பது நாள் ஆச்சு. கேட்டா வேலை ஜாஸ்தியாம். இன்னிக்கு நான் போறதா இல்ல.

இல்லண்ணே, நாற்காலி வேணாம். நின்னுக்கறேன்.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாம் இந்த இங்கிலீஷ்காரன் பண்ண வேலை. நீங்க எழுத்துக்கூட்டிப் படிப்பீங்கள்ல? பிளம்பர்னு இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க. நடுவுல எம், ஒட்டுனாப்ல ஒரு பி. கண்ணுக்கு முன்னாடி இருக்கா? ஆனா அந்த பி-யைச் சொல்லக் கூடாதாம். ப்ளமர்னு முழுங்கணுமாம். எதுக்குண்ணே? சொல்லாத எழுத்தை எதுக்கு எழுதணும்?

இது ஒண்ணு மட்டும்னா விட்டுடலாம். தம்னா கட்டைவிரல். கோம்னா சீப்பு. லேம்னா ஆட்டுக்குட்டி. க்ரம்னா ரொட்டித் துணுக்கு. டூம்னா கல்லறை. எல்லாத்துக்கும் கடைசில ஒரு பி நிக்குது, வாயே திறக்காம போட்டோவுக்கு மட்டும் வந்து நிக்கற சொந்தக்காரன் மாதிரி. நம்னா மரத்துப்போறது. டம்னா ஊமை. ஊமைங்கற வார்த்தைக்குள்ளயே ஒரு எழுத்தை ஊமையாக்கி வெச்சிருக்கான், திமிரைப் பாருங்க!

இருங்க, முடிக்கலை. பத்தொம்பது நாளா லைப்ரரில உக்காந்து டிக்‌ஷனரியப் புரட்டிட்டிருக்கேன். கட்டைவிரலுக்கு ஆதில பி-யே கிடையாது. பின்னாடி எவனோ ஒட்டவெச்சது. ஆனா பிளம்பர்ல இருக்கறது அசல் பி. லத்தீன்ல ப்ளம்பம்னா ஈயம். அப்பல்லாம் குழாயை ஈயத்துலதான் செஞ்சாங்க, அதுல வேலை பாத்தவன் பிளம்பர். ரோம்ல அந்த பி-யை வாய் நிறையச் சொல்லியிருக்காங்கண்ணே! அப்போ யாரு சொல்றது சரி? எங்கப்பா சொன்னதுதான் சரி. இதை அவர் முகத்துக்கு நேரா சொல்லணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

சிரிக்காதீங்க. இருபத்தாறு வருஷமா ஃபோனை எடுத்தா ஹலோ கிடையாது, பேரு கிடையாது. பிளம்பர் பேசறேன், அவ்ளோதான். அந்த பி மேல ஒரு போடு போடுவார் பாருங்க, ஸ்பானரால பைப்பைத் தட்டுனாப்ல இருக்கும். இப்ப, குழாய் வேலை பாக்கறவன் பேசறேங்கறார். வண்டில எழுதியிருந்ததைக்கூட பிளேடால சுரண்டிட்டார். ஏன்னு அம்மா கேட்டதுக்கு, அந்த வார்த்தை நமக்கு வரலடி, விடுன்னுட்டார். வரலையாம்!

யாரு என்ன சொன்னாங்களா... அது ஒரு பேச்சுப் போட்டிண்ணே. உச்சரிப்பு சரியில்லாதவனை உலகம் மதிக்குமா, மதிக்காதா, இதான் தலைப்பு. மதிக்காதுங்கற பக்கம் ஒரு பொண்ணு பேசுனா. அவளுக்கு அப்படி ஒரு நெனப்பே கிடையாது, சீட்டுக் குலுக்கிப் போட்டதுல அந்தப் பக்கம் விழுந்துச்சு. பாதிலயே பாயிண்ட் தீந்துபோச்சு. மணி அடிக்க இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. எதிர்க்கட்சிக்காரன் வேற இளிச்சிட்டு நிக்கறான். சட்டுனு வாய்ல வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இருபத்தாறு வருஷமா செய்யற தொழிலோட பேரையே சொல்லத் தெரியாதுன்னு ஆரம்பிச்சா. ஃபோன் எடுக்கறதை அப்படியே நடிச்சுக் காட்டுனா. குரல், இழுவை, அந்த பி மேல போடற போடு, ஒண்ணு விடலை. ஹாலே குலுங்குச்சுண்ணே. நடுவரு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சார். முதல் பரிசு அவளுக்குத்தான்.

எந்தப் பொண்ணா?

நான்தாண்ணே. வேற எவளுக்கு அவர் குரல் அவ்ளோ கச்சிதமா வரும்?

அவர் காதுக்கு யாரும் கொண்டுபோய்ச் சேக்கலை. ஒரே ஒருநாள் வேலையை விட்டுட்டு வந்து நான் பேசறதைக் கேளுங்கப்பான்னு ஒரு வாரம் நச்சரிச்சதே நான்தான். சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டு வந்தார். முன்வரிசைல இடம் பிடிச்சு உக்கார வெச்சேன். சிரிப்பு அடங்குனதும் முதல்ல எழுந்து கைதட்டுனவரும் அவர்தான்.