கறுப்பு மலை கஸ்தூரி

தொழிற்சாலைச் சங்கு ஏறி இறங்கி ஊதுகிறது. ஓடுகிறோம். ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்து ஓரம் வெட்டிய பதுங்கு குழி. உள்ளே முழங்கால் வரை மழைத் தண்ணீர். குதிக்கிறோம். நான், தாமு, மேரி, பாபு, கஸ்தூரி. பெரியவர்கள் யாரும் இல்லை. கஸ்தூரியின் அப்பா எத்திராஜ் தொழிற்சாலைக்குள், ஷிப்டில். அம்மா மாங்காடு கோயிலுக்குப் போனவர். இன்னும் திரும்பவில்லை.

1971 டிசம்பர். சண்டை எங்கேயோ. இருட்டு இங்கேயும்.

"வெளக்க அணைங்கடா! தலைய தூக்காதே!" ஊர்க்காவல் வார்டன் கத்திக்கொண்டே சைக்கிளில் போகிறார்.

நான் பக்கத்துக் கோவில்பதாகைக்காரன். அப்பன் ஆத்தா கூலி வேலை. எங்கள் ஊட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். அப்போது எடுத்தது நவாஹோ மக்களின் கதை. அமெரிக்காவின் பூர்வகுடிகள். சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்களாம். ஆவடியில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? மழை விட்டு வாடை வந்ததும் ஆரம்பித்தோம்.

நாலு திசைக்கும் நாலு மலை. கிழக்கே வெள்ளை. தெற்கே நீலம். மேற்கே மஞ்சள். வடக்கே கறுப்பு. அதற்குள்தான் அவர்கள் நாடு. நூறு வருஷத்துக்கு முன் பட்டாளம் வந்தது. வயலைக் கொளுத்தியது. பழமரங்களை வெட்டியது. சனங்களை நடக்கவைத்தே விரட்டியது. நடக்க முடியாமல் பின்தங்கியவர்களைச் சுட்டது.

"பின்னாடி நின்னவங்கள யாருண்ணா எண்ணுனாங்க?" என்று கேட்டாள் கஸ்தூரி.

அதனால்தான் எங்களுக்கென்று ஒரு பாட்டுக் கட்டினோம். ஆளுக்கு ஒரு மலை, ஒரு வரி. இருட்டில் நான் தொடங்கினால் நாலு பேரும் வரிசையாகப் பாட வேண்டும். எல்லா வரியும் வந்தால் எல்லாரும் இருக்கிறார்கள்.

"கறுப்பு மலை இவளுக்கு கரெக்டா கீது. இருட்டுல தெரியவே மாட்டா." குழிக்குள் பாபு சீண்டுகிறான்.

"போடா. உன் மலைக்குக் காமாலை," என்கிறாள் கஸ்தூரி.

மேரி சிரிக்கிறாள். தாமு அவள் வாயைப் பொத்துகிறான். தவளைச் சத்தம். ரோட்டில் லாரிகள். முகப்பு விளக்கில் கறுப்புச் சாயம் பூசிய லாரிகள். ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போகின்றன.

மறுபடி சங்கு. இந்த முறை ஏற்ற இறக்கம் இல்லை. ஒரே நீளம். ஆபத்து நீங்கியது என்று அர்த்தம். சண்டைக்கு முன்னால் ஷிப்ட் முடிந்தால் ஊதியதும் அதே நீளச் சங்குதான். அதைக் கேட்டதும் கஸ்தூரி தினமும் ரோட்டைத் தாண்டித் தொழிற்சாலை கேட்டுக்கு ஓடுவாள், அப்பா கையிலிருந்து சாப்பாட்டு கேரியரை வாங்க. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பழக்கம். கால் தானாக ஓடும்.

விளக்குகள் இன்னும் வரவில்லை.

"யாரும் ஏறாதீங்க. மொதல்ல பாட்டு." தொடங்கினேன்.

தாமு, வெள்ளை. மேரி, நீலம். பாபு, மஞ்சள்.

அப்புறம் தவளைகள்.

மறுபடி தொடங்கினேன். மூன்று வரிதான் வந்தது.

"ஏய் கஸ்தூரி, வெளாடாதே," என்றான் பாபு. நான் தண்ணீரில் துழாவினேன். சுவரைத் தடவினேன். ஈர மண்ணில் கால் வைத்து ஏறிய குழிவு கையில் பட்டது.

ரோட்டுப் பக்கம் பிரேக் சத்தம். கிறீச்சென்று, நீளமாக. யாரோ கத்தினார். "நிறுத்து! கொழந்த! கொழந்த!"

ஓடினேன். எத்திராஜ் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். கையில் கேரியர்.

"இன்னா வாத்தியாரே, கூட்டம்?"

வழியை மறித்து நின்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கம் ஒரு குண்டும் விழவில்லை. சண்டையில் செத்தவர்கள் கணக்கில் எங்கள் பிள்ளை இல்லை. நான் எழுதுகிறேன்.

போனவள்: எத்திராஜ் மகள் கஸ்தூரி, வயது ஒன்பது. அவள் அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோனது. சங்கு ஊதும் ஊரில் இருக்க முடியாமல் எத்திராஜ் வேலையை விட்டார். குடும்பம் திருத்தணிப் பக்கம் போய்விட்டது. அப்புறம் வகுப்புக்கு யாரும் வரவில்லை. வடக்கு மலையின் வரியை அவளே கட்டியிருந்தாள். மற்ற மூன்று பேரையும் கேட்டுப் பார்த்தேன். பாதி வரிதான் ஞாபகம் வந்தது. அதுவும் போனது.